மூட்டையில் வந்த டிஸ்க்குகள்: எதை முதலில் காப்பாற்றுவது?

வீடு காலி செய்யும்போது பித்தளைப் பாத்திரம் ஒரு பக்கம் போகும், பேப்பர் கட்டு ஒரு பக்கம் போகும். கடைசியில் எந்தக் கணக்கிலும் சேராமல் ஒரு கோணிப்பை நிற்கும். உள்ளே கவர் கிழிந்த பட டிவிடிகள், ரப்பர் பேண்ட் போட்ட விசிடிகள், ‘ஒரே டிஸ்க்கில் ஆறு படம்’, பக்திப் பாடல், தமிழ் பேசும் குங்ஃபூ படம், பிள்ளைகளின் ஆண்டு விழா, தெரு விழாவில் பாடிய கானா, மாப்பிள்ளை பெண் படம் ஒட்டிய கல்யாண டிவிடி எல்லாம் கலந்து கிடக்கும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துக் காயலாங்கடையில் இது எடைக்குப் போகிறது. அங்கிருந்து கொஞ்சம் மூர் மார்க்கெட் பக்கம் நடைபாதைக்கு வருகிறது. 1985-இல் தீப்பிடித்து எரிந்த அந்தப் பழைய சிவப்புக் கட்டடம் இன்று இல்லை. ஆனால் சென்ட்ரல் பக்கம் பழைய பொருள் தேடிப் போகும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக ஏற்பட்ட பர்மா பஜாரில் ஒரு காலத்தில் கடைக்குக் கடை டிஸ்க்தான் தொங்கியது. இப்போது அதே இடத்தில் மொபைல் கவரும் சார்ஜரும்.

மூட்டை கைக்கு வந்ததும் எல்லோரும் பட டிவிடியைத்தான் முதலில் பொறுக்குகிறார்கள். அது தப்பான வரிசை. கம்பெனி போட்ட படம் வேறெங்காவது ஆயிரம் பிரதி இருக்கும், பெரும்பாலும் இன்னும் நல்ல பிரிண்டில் இருக்கும். தெரு மேடையில் பாடிய கானாவுக்கும், 2006-இல் மூலக்கொத்தளத்தில் நடந்த கல்யாணத்துக்கும் அந்த ஒரு டிஸ்க்தான். அதிலும் கொடுமை, அந்த டிஸ்க்தான் முதலில் சாகும். அது ஃபேக்டரியில் அச்சடித்தது இல்லை, கம்ப்யூட்டரில் ‘பர்ன்’ செய்தது, அதாவது எரித்தது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நொடி போதும். டிஸ்க்கைத் திருப்பி ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். அடிப்பக்கம் பளிச்சென்ற வெள்ளி நிறமாக இருந்தால் ஃபேக்டரியில் அச்சடித்தது. உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கில் பதிந்த குழி, அதன்மேல் அலுமினியப் பூச்சு. இளம்பச்சையோ நீலமோ அடித்தால் எரித்த சிடி, ஊதா அடித்தால் எரித்த டிவிடி. அந்த நிறம் சாயத்தின் நிறம். லேசர் சாயத்தைச் சுட்டுத்தான் பதிவு செய்கிறது. அதே சாயத்தை வெயிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுகிறது. ஜன்னல் ஓரம் கவர் இல்லாமல் கிடந்த எரித்த டிஸ்க் வெளியே கீறலே இல்லாமல் உள்ளே போயிருக்கும். லேசான தங்க நிறம் அடிக்கும் டிவிடி இரண்டு அடுக்கு உள்ளது, 8.5 ஜிபி. வெறும் வெள்ளி என்றால் ஒரே அடுக்கு, 4.7 ஜிபி. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, இந்தத் தங்கச் சாயலை வைத்துப் பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையம். அங்கே பொடி எழுத்தில் ஒரு மேட்ரிக்ஸ் எண் இருக்கும். முறையாக அச்சடித்த டிஸ்க்கில் கூடவே ‘ஐஎஃப்பிஐ’ என்று தொடங்கும் குறியீடும் இருக்கும்; எந்த ஆலையில், எந்த அச்சில் வார்த்தது என்று சொல்லும் அடையாளம் அது. திருட்டு டிஸ்க்கையும் ஃபேக்டரியில் அச்சடித்தவர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் இந்தக் குறி இருக்காது, அல்லது சுரண்டியிருக்கும். ‘வெள்ளி நிறம், அதனால் ஒரிஜினல்’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

கவரையும் படிக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 52ஏ பிரிவின்படி வீடியோ படத்தின் கவரில் மூன்று விஷயம் இருந்தாக வேண்டும்: தணிக்கைச் சான்றிதழின் நகல், வீடியோவைத் தயாரித்தவரின் பெயர், முகவரியோடு உரிமையாளரிடம் அனுமதி வாங்கியதற்கான உறுதிமொழி, பதிப்புரிமை உரிமையாளரின் பெயரும் முகவரியும். கவரில் ஹீரோ முகம் பெரிதாக இருந்து இந்த மூன்றும் இல்லை என்றால் அந்த டிஸ்க்கை அப்படியே வைத்துவிடுங்கள். 2004-லிருந்து தமிழ்நாட்டில் திருட்டு வீடியோ விற்பவர்கள் குண்டர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள் என்பதையும் விற்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ‘ஒரே டிஸ்க்கில் ஆறு படம்’ என்பதற்குச் சட்டம்கூட வேண்டாம், கணக்கே போதும். 4.7 ஜிபியை ஆறு படத்துக்கு, படத்துக்கு 150 நிமிடம் என்று பங்கு போட்டால் நொடிக்கு 700 கிலோபிட்கூட வராது, அதுவும் சத்தத்தையும் சேர்த்து. சாதாரண விசிடியே படத்துக்கு மட்டும் 1,150 கிலோபிட் கொடுக்கிறது. மழைக் காட்சி வந்தால் திரையில் மழை இருக்காது, சாம்பல் கட்டங்கள்தான் நகரும்.

விசிடியை இப்போது யாரும் மதிப்பதில்லை. நியாயம்தான். 352-க்கு 288 புள்ளி, எம்பெக்-1 என்ற பழைய சுருக்க முறை, இரண்டு சேனல் சத்தம். ஆனால் வடசென்னை மூட்டையில் பாதி அதுவாகத்தான் இருக்கும். 2007-இல் மோசர் பேயர் கம்பெனியின் விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் வந்த பிறகும் பழைய விசிடி பிளேயர் வைத்திருந்தவர்கள் விசிடியைத்தான் வாங்கினார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. 700 எம்பி சிடியில் 800 எம்பிக்கு மேல் எப்படி அடைத்தார்கள்? சிடியில் தரவைச் செக்டார் என்ற சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து வைப்பார்கள். கம்ப்யூட்டர் சிடியில் ஒரு செக்டாருக்கு 2,048 பைட் தரவு. மீதி இடம் பிழை திருத்தத்துக்கு. விசிடியில் அந்தக் கூடுதல் பிழை திருத்தத்தைத் தூக்கிவிட்டு 2,324 பைட் படத்தையே வைத்தார்கள். 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டார். பெருக்கிப் பாருங்கள், சுமார் 836 எம்பி. இதனால்தான் விசிடி கீறல் பட்டால் டிவிடி மாதிரி அப்படியே நிற்பதில்லை. கட்டம் கட்டமாக அடித்து, ‘கீச்’ என்று ஒரு சத்தம் போட்டு, வசனத்தில் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் அதே டிஸ்க்கைக் காப்பி செய்யப் போனால் பாதியில் பிழை என்று கைவிரிக்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காப்பி செய்யும் முறைதான் தப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு டிஸ்க்கில் 80 நிமிடம், இரண்டில் 160. அதற்கு மேல் நீண்ட படத்துக்கு மூன்றாவது டிஸ்க் வேண்டும், அல்லது கத்தரி வேண்டும். செலவைப் பார்த்தவர்கள் கத்தரியை எடுத்தார்கள். போனது பெரும்பாலும் ஒரு பாட்டு, இல்லையென்றால் தனியாக ஓடும் காமெடி ட்ராக். கையில் உள்ள டிஸ்க்கில் வெட்டு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் படத்தை முழுசாகப் பார்க்க வேண்டியதில்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நிறுத்துங்கள். ஃபிலிம் காலத்துப் படமென்றால் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,300 மீட்டர் என்று இருந்தால் 27.43-ஆல் வகுங்கள்: 156.8 நிமிடம், சுமார் 2 மணி 37 நிமிடம். மிகப் பழைய படத்தில் அடிக்கணக்கு இருந்தால் 90-ஆல் வகுத்தால் போதும்.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். டிவிடியைப் போட்டால் பிளேயர் 2 மணி 30 நிமிடம் என்று காட்டும். ‘ஏழு நிமிஷம் வெட்டிட்டாங்க’ என்று கூப்பாடு. வெட்டவில்லை. ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம், நம் ஊர் டிவி முறையான பால் (PAL) நொடிக்கு 25. அந்த ஒரு ஃப்ரேமுக்காகப் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள், நேரம் நூற்றுக்கு 4 குறைகிறது. 156.8-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 150.5. கணக்கு சரியாக வந்துவிட்டது, படம் முழுசாக இருக்கிறது. அதே படத்துக்கு அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் (NTSC) போட்ட டிவிடி கிடைத்தால் 2 மணி 37 நிமிடமே காட்டும். அதில் வேகத்தைக் கூட்டாமல் ஃப்ரேம்களைத் திரும்பக் காட்டி ஒப்பேற்றுகிறார்கள். லண்டன், மலேசியா வழியாக வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் போட்ட டிவிடிகளில் என்டிஎஸ்சி நிறைய உண்டு. ஆகவே கவரில் பால் என்று இருக்கிறதா, என்டிஎஸ்சி என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் காலத்துச் சான்றிதழ்களில் நிமிடக் கணக்கே இருப்பதால் மீட்டர் வேலை மிச்சம்.

இந்த 4 சதவீதம் பாட்டுக் கேட்பவர்களுக்குத்தான் பெரிய வம்பு. படம் வேகமாக ஓடினால் சுருதியும் ஏறும். எவ்வளவு? ஒரு அரைக் கட்டையில் சுமார் பத்தில் ஏழு பங்கு. 5 கட்டையில் பாடியது 5-க்கும் ஐந்தரைக்கும் நடுவில், எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். டிவிடியில் பாட்டைப் போட்டுக் கூடவே கீபோர்டு வாசிக்கப் பழகுகிறவர்கள் ‘கீபோர்டுதான் சேரலை’ என்று அதன் ட்யூனிங்கைத் திருகுவது இதனால்தான். சாதனத்தின் மேல் குற்றமில்லை. பாட்டுக்காகவே ஒரு டிஸ்க் வாங்குவதென்றால் என்டிஎஸ்சி பதிப்பைத் தேடுங்கள். ப்ளூ-ரே கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் படம் 24 ஃப்ரேமாகவே ஓடும், சுருதியும் நேரமும் சொன்னபடி நிற்கும். ப்ளூ-ரேயில் வந்த தமிழ்ப் படங்கள் குறைவு. எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறி நம் ஊருக்கு ‘சி’; அதை மட்டும் கவரில் பார்த்துக்கொண்டால் போதும்.

டிவிடியில் இந்தியாவுக்கு மண்டலம் 5. வெளிநாட்டுத் தமிழ் டிவிடிகள் பெரும்பாலும் எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வந்தவை, தொல்லை இல்லை. கம்ப்யூட்டர் டிரைவில் மட்டும் உஷார்: மண்டலத்தை மாற்றச் சொல்லிக் கேட்டால் பட்டென்று ‘சரி’ அமுக்காதீர்கள். மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதில் அப்படியே பூட்டிக்கொள்ளும். பிளேயரில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, மேலும் கீழும் உருண்டாலோ டிஸ்க்கில் கோளாறு இல்லை. ரிமோட்டில் பால்–என்டிஎஸ்சி மாற்றும் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள்.

‘டிவிடிதானே, புதுப் பெரிய டிவியில் ஏன் இப்படி மங்கலாக இருக்கு?’ என்ற கேள்விக்கும் பதில் கணக்கில்தான். சினிமாஸ்கோப் படத்தைப் பழைய 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு அடைத்திருந்தால், 576 வரியில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 327. அகலத் திரைக்கென்று ஒழுங்காகச் செய்த டிவிடியில் அதே படத்துக்குச் சுமார் 436 வரி. விசிடியில் 163. நம் பழைய தமிழ் டிவிடிகளில் முதல் ரகம் ஏராளம். அந்த ரகத்தைப் புது டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பாக, நடுவில் தபால்தலை மாதிரி படம் நிற்கும். டிவி ரிமோட்டில் ‘ஜூம்’ போட்டால் அகலம் நிறையும், வரி கூடாது. ‘ஸ்ட்ரெச்’ போடாதீர்கள், கதாநாயகி குள்ளமாகிவிடுவார்.

வாங்கும் இடத்தில் பிளேயர் இருந்தால் போட்டுக் காட்டச் சொல்லலாம். ‘அண்ணே, கடைசிப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுங்கண்ணே’ என்று கேளுங்கள். ‘அட, ஓடும்பா, எடுத்துனு போ’ என்பார். விடாதீர்கள். டிஸ்க் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. விரல் படுவதும் தேய்வதும் வெளி ஓரத்தில். ஒரே அடுக்கு டிஸ்க் நிரம்பப் பதிந்திருந்தால் ஓரத்தில் இருப்பது க்ளைமாக்ஸ். ஆனால் தங்க நிறம் அடிக்கும் இரண்டடுக்கு டிஸ்க்கில் லேசர் ஓரம் வரை போய், இரண்டாம் அடுக்கில் ஓரத்திலிருந்து உள்ளே திரும்பி வரும். அங்கே ஓரக் கீறல் படத்தின் நடுவில், கிட்டத்தட்ட இடைவேளைக்கு முன்னும் பின்னும் வேலையைக் காட்டும். அடுக்கு மாறும் இடத்தில் அரை நொடி நின்று போவது இயல்பு; அதைக் கோளாறு என்று பேரம் பேச வேண்டாம்.

கீறலிலும் சாதி உண்டு. நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்கே போகும் கீறல் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் தொடும். பிழை திருத்தம் தாண்டிவிடும். சிடியில் தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை, டிவிடியில் சுமார் 6 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து போனதை மீட்க முடியும். வட்டமாக, தடத்தோடு கூடவே ஓடும் கீறல் மெல்லியதாக இருந்தாலும் தொலைந்தது. இதனால்தான் துடைக்கும்போது சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேராக, ஒரே திசையில்.

சிடியிலும் விசிடியிலும் ஆபத்து அடிப்பக்கத்தில் இல்லை, மேல்பக்கத்தில். 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு மேலே, லேபிளுக்குக் கீழே, ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சோடுதான் பதிவு இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் லேபிளில் பெயர் எழுதினாலே உள்ளே போய்விடும். டிஸ்க்கைப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல ஒளி வந்தால் அந்த இடத்தில் அலுமினியம் இல்லை. எந்தப் பாலீஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. டிவிடி இரண்டு 0.6 மில்லிமீட்டர் தட்டை ஒட்டியது, பதிவு நடுவில் பத்திரம். அதற்கு எமன் வளைவு. இறுக்கமான கவரில் நடுப்பல்லை அழுத்தாமல் ஓரத்தைப் பிடித்து இழுப்பவர்கள் ஒட்டை விடுவிக்கிறார்கள். ப்ளூ-ரேயில் பதிவு அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது, மேலே கடினப் பூச்சு. பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியம் சிடி, டிவிடியின் மேலோட்டமான கீறலுக்கு ஓரளவு உதவும். ப்ளூ-ரேக்கு அது விஷம்.

சுத்தம் செய்ய பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, நல்ல தண்ணீர், பழைய பருத்தி வேட்டித் துணி. பிசுக்குப் போகவில்லை என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். தின்னரும் நெயில் பாலீஷ் ரிமூவரும் தொட்டால் பிளாஸ்டிக் பாலாடை கட்டியதுபோல வெளுத்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய தெருக்களில் டிஸ்க் பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் செய்தது சேற்றைத் துணியால் துடைத்தது. சேறு என்பது மணல்; உப்புத்தாள் போட்ட மாதிரி ஆகிவிடும். சேறு காய்வதற்கு முன் வாளித் தண்ணீரில் அலசி, பேப்பர் கவரை உடனே உருவி எடுத்து, டிஸ்க்கை நிழலில் நிறுத்திக் காயவிட வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால் லிக்விட் போட்டு இரண்டு முறை.

புயல் என்றோ ஒரு நாள்தான். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் தினசரி எதிரி காற்று. நூலகங்கள் டிஸ்க்கை 20 டிகிரிக்குக் கீழே, 50 சதவீத ஈரப்பதத்துக்குள் வைக்கச் சொல்கின்றன. கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் இரண்டுமே நடக்காது. நடக்கக்கூடியது இது: மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அதில் புத்தகம் மாதிரி செங்குத்தாக டிஸ்க் கவர்கள், ஒரு துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற ஜெல் பச்சை ஆனால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். தோசைக்கல்லில் சிறு தீயில் வறுத்தால் திரும்ப ஆரஞ்சாகும். அதற்கென்று தனியாக ஒரு பழைய கல்லை ஒதுக்கிவிடுங்கள், அதில் பிறகு தோசை ஊற்றக் கூடாது. மழை விட்ட பகல் பார்த்து டப்பாவைத் திறந்து மூடினால் போதும், தினம் திறக்க வேண்டாம். மெத்தென்ற பிவிசி ஆல்பம் உறைகள் வெயில் காலத்தில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு மேகம் மேகமாகத் தடம் விடும். அவற்றைத் தூக்கிப் போடுங்கள். துணி பீரோவில் டிஸ்க்கை வைத்தால் அங்கே பாச்சை உருண்டை இருக்கக் கூடாது. அதன் ஆவி கெட்டிக் கண்ணாடி மாதிரி இருக்கும் சிடி கவரை இளக்கிவிடும்.

பிளேயர் பற்றி நீட்ட வேண்டியதில்லை, ஆனால் ‘நோ டிஸ்க்’ என்று வந்ததும் லென்ஸ் போய்விட்டது என்று சொல்லும் மெக்கானிக்கிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு மூடியைத் திறக்க வேண்டும். பவர் போர்டில் பெரிய கண்டென்சர் 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும், சும்மா இல்லை. லென்ஸை ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால் அழுத்தாமல் தடவி எடுக்கவும். அது மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. டிரே பாதியில் நின்றால் மோட்டார் இல்லை, அந்தக் குட்டி ரப்பர் பெல்ட்; சூட்டில் நீண்டிருக்கும். டிஸ்ப்ளே மங்கி மங்கி எரிந்து பிளேயர் தானாக அணைந்தால் பவர் போர்டில் தலை உப்பிய 1,000 மைக்ரோஃபேரட் கண்டென்சரைத் தேடுங்கள். 10 வோல்ட் போட்டிருப்பார்கள். 105 டிகிரி தாங்கும் 16 வோல்ட் ஒன்றை, பிளஸ் மைனஸ் பார்த்து மாற்றினால் போதும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் லென்ஸ். புது லென்ஸ் வரும்போது நிலைமின்சாரம் தாக்காமல் இருக்க அதில் ஒரு துளி ஈயத்தால் இரண்டு புள்ளியை இணைத்திருப்பார்கள். ரிப்பன் ஒயரைச் சொருகிய பிறகு அந்தத் துளியை எடுக்க வேண்டும். எடுக்க மறந்து ‘புது லென்ஸும் டெட்’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை இல்லாமல் ஒரே சின்ன ஏவி ஓட்டை மட்டும் இருந்தால் அதற்கென்று வந்த ஒயரைத்தான் போட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே தரை இணைப்பு மாறும். வேறு ஒயரைப் போட்டால் படம் வராமல் ‘உர்ர்’ என்று இரையும். அந்த ஓட்டையும் இல்லையென்றால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் குட்டிப் பெட்டி கிடைக்கிறது, 5 வோல்ட் சார்ஜரில் ஓடும். வாங்கும்போது திசையைப் பாருங்கள்: எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டியும் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும்.

இனி கல்யாண டிஸ்க். அதன் தலையில் வட்டமாக மாப்பிள்ளை பெண் போட்டோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஓரம் தூக்கியிருக்கும், சுழலும்போது பிளேயரில் ‘கொர்’ என்று கேட்கும். கை பரபரக்கும், ஆனால் பிய்க்காதீர்கள். சிடி என்றால் ஸ்டிக்கரோடு அலுமினியமும் உரிந்து வந்துவிடும். டிவிடி என்றாலும் இழுக்கும்போது வளைந்து ஒட்டு விடும். தூக்கிய நுனியை மட்டும் கத்தரியால் சாய்வாக வெட்டிவிட்டு, டிரைவின் வேகத்தைக் குறைத்துப் படியுங்கள். நாலு மடங்கு வேகமே போதும். முழு டிவிடி ஒரு மடங்கில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நாலு மடங்கில் கால் மணி.

லேப்டாப்போடு சேரும் மெல்லிய யுஎஸ்பி டிரைவ் பழைய எரித்த டிஸ்க்கில் சீக்கிரம் கைவிடும். பாதிக்கு மேல் அதன் குற்றமில்லை, யுஎஸ்பி ஓட்டையின் 500 மில்லிஆம்பியர் அதற்குப் போதவில்லை. இரட்டை முள் ஒயர் போட்டால் தேவலாம். பழைய டெஸ்க்டாப்பில் இருந்த பெரிய டிரைவை 12 வோல்ட் அடாப்டர் உள்ள சாட்டா–யுஎஸ்பி ஒயரில் மாட்டினால் இன்னும் நன்றாகப் படிக்கும். ஒரு டிரைவ் மறுத்த டிஸ்க்கை இன்னொன்று படிப்பது சகஜம், ஆகவே மூன்று டிரைவில் பார்க்காமல் எதையும் செத்தது என்று சொல்லக் கூடாது.

படிக்கும்போது கோப்புகளை இழுத்துப் போடாதீர்கள். டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக, ஐஎஸ்ஓ பிம்பமாக எடுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன் செய்யும். கீறல் அதிகமென்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. அது முதல் சுற்றில் சுலபமாக வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். அடுத்த சுற்றில் அந்த இடங்களுக்கு மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் டிஸ்க்கைக் கழுவி, வேறு டிரைவில் போட்டு, அதே வரைபடக் கோப்போடு தொடரலாம். விட்ட இடத்திலிருந்து ஓடும்.

விசிடிக்கு இந்த ஐஎஸ்ஓ வேலைக்கு ஆகாது. முன்னே சொன்ன 2,324 பைட் விவகாரம்தான்: ஐஎஸ்ஓ 2,048-ஐ எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். பின்–கியூ என்ற வடிவில், செக்டாரை அப்படியே கச்சாவாக எடுக்க வேண்டும். உள்ளே ‘எம்பெக்ஏவி’ ஃபோல்டரில் இருக்கும் டாட் (.DAT) கோப்புதான் படம். அதை எம்பிஜி ஆக உறை மாற்றினால் போதும், மறுபடி கம்ப்ரஸ் செய்ய வேண்டாம். ஏற்கெனவே 352 புள்ளியில் இருப்பதைக் கடைக்காரர் ‘எச்டி ஆக்கித் தரேன்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கட்டங்களைப் பெரிதாக்கித் தருவார், வேறொன்றுமில்லை.

கேம்கோடரில் நேரடியாகப் பதிந்த 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடி, 1.4 ஜிபி, மூட்டையில் ஒன்றிரண்டு இருக்கும். காரில் உள்ள வாய் பிளந்த பிளேயரில் அதைச் சொருகாதீர்கள், வெளியே வராது. டிரே உள்ள டிரைவில் நடு வட்டத்தில் வைக்க வேண்டும். காலி டிஸ்க் என்று காட்டினால் பதிந்தவர் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது பதிவை முடித்து மூடாமல் விட்டிருக்கலாம். அந்தக் கேமரா வீட்டில் இருந்தால் அதிலேயே போட்டு முடித்துவிடலாம். இல்லையென்றால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் உள்ளே இருப்பதைத் தோண்டி எடுக்கும். இதெல்லாம் சொந்தப் பதிவுகளுக்கு. கம்பெனிப் பட டிவிடிகளில் பூட்டு இருக்கும். அதை உடைத்துப் பிரதி எடுப்பது 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவில் மாட்டும், அதற்கு அவசியமும் இல்லை.

ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் 4.7 ஜிபி டிவிடிகள் 200-க்கு மேல் அடங்கும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒரே பிரதி, ஒன்று வேறு வீட்டில். கோப்புக்கு ‘வெட்டிங் 1’ என்று பெயர் வைத்தால் ஐந்து வருடம் கழித்து யார் கல்யாணம் என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டு, மாதம், பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம், தெரு என்று வரிசையாக எழுதுங்கள். கானா என்றால் பாடியவர் பெயர், எந்தத் தெரு மேடை, பின்னால் டோலக்கு அடித்தவர் யார் என்பதும். கடைசி விவரம் கவரில் இருக்காது. அந்தத் தெருவில் விசாரித்துத்தான் எழுத வேண்டும், அதுவும் தெரிந்த ஆட்கள் இருக்கும்போதே.